ஆடியில் போட்ட அவரை

பேராச்சி பம்பாய்த் தாராவியை விட்டு, ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும் அம்பர்நாத்துக்குக் குடிவந்ததற்கு ஓர் இரும்பு ஏணிதான் காரணம். தாராவியில் அவர்கள் இருந்தது மேல் அறை. சந்திலிருந்து சுவரோடு செங்குத்தாக நிற்கும் ஏணியில், தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அவள் புருஷன் சுடலைக்கண்ணன் முப்பது வருஷம் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்த ஏணியில் விசிலடித்துக்கொண்டே ஏறியவர். இந்தக் கோடையில் ஒருநாள் பாதி ஏணியில் நின்றுவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழே வரிசையாக நின்றவர்கள்தான் தாங்கி இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கல்லீரலில் கட்டி. டாக்டர் அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு, பேராச்சியையும் மகள் இசக்கிசெல்வியையும் வெளியே அழைத்தார். "தீவாலி தக் தேக்தே ஹை" என்றார். தீபாவளி வரைக்கும் பார்க்கலாம். அதற்கு அப்பால் நாள் இல்லை என்று அர்த்தம். உள்ளே வந்து, "ஈரல்ல வீக்கமாம். தரையில நடந்து காத்தாட இருந்தாச் சரியாப் போவும்னு சொல்லுதாவ" என்று பேராச்சி புருஷனிடம் சொன்னாள். அவர் நம்பினார். நம்பியதாகத்தான் அவளுக்குத் தோன்றியது.

அம்பர்நாத் வீடு தரைத்தளம். பின்கதவைத் திறந்தால் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் ஒரு கீற்று மண். முதல் நாளே சுடலைக்கண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியை அங்கே போடச் சொன்னார்.

"ஏளா, இத்தன வருசத்துல பம்பாய் மண்ணத் தொட்டுப் பாத்திருக்கியா நீ?"

"தெனமும் பெருக்கித் தள்ளுனேனே, அது என்னது?"

"அது தூசிளா. இது மண்ணு. காய்கறி போடுவோம்."

மறுநாளே மார்க்கெட்டில் விதைக் கடைக்கு ஆட்டோவில் போனார்கள். கடைக்காரப் பையன் பைசான், படம் போட்ட பாக்கெட்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினான். பாலக் கீரை, வெண்டை, முள்ளங்கி எதையும் சுடலைக்கண்ணன் தொடவில்லை. அவரைக்காய் கேட்டார். பைசான் இரண்டு பாக்கெட்டுகளைத் தனியாக எடுத்து வைத்தான். ஒன்று பந்தலில் ஏறுவது. ஏறி, குளிர் வந்த பிறகுதான் காய்க்கும், தீபாவளிக்கு அப்புறம். இன்னொன்று முழங்கால் உயரத்தில் உட்கார்ந்துகொண்டே சீக்கிரம் காய்ப்பது.

பேராச்சியின் கை இரண்டாவது பாக்கெட்டுக்குப் போனது.

"ஏறுறதக் குடுப்பா," என்றார் சுடலைக்கண்ணன். "உக்காந்துகிட்டே இருக்கதுக்குத்தான் வீட்டுல நான் ஒருத்தன் இருக்கேனே."

பைசானுக்குத் தமிழ் புரியவில்லை, ஆனாலும் அவர் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தான். பேராச்சியும் சிரிக்க வேண்டியிருந்தது. சின்னதைக் கேட்டு வாங்கினால், ஏன் என்று கேட்பார்.

ஜூனில் முதல் மழை விழுந்ததுமே பக்கத்து வீட்டு சாதனா, பாத்தியை மேடாக அணைத்து விதை போட்டுவிட்டாள். ரத்னகிரிப் பக்கத்துக்காரி, அவரை அண்ணன் முறையில் பாயி என்பாள். சுவருக்கு மேலே தலையை நீட்டி, "பாயி, இப்போ போட்டாத்தான் உண்டு. ஜூலை மழையில எல்லாம் அழுகிடும்" என்று இந்தியில் சத்தம் போட்டாள். சுடலைக்கண்ணன் தமிழ்க் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஆடி பிறக்கட்டும். அவரை போடுகிற மாதம் ஆடிதான். அவருடைய அப்பா, அப்பாவின் அப்பா எல்லோரும் ஆடியில்தான் போட்டார்கள்.

அவர்கள் போட்டது திருநெல்வேலிச் சீமையில். அங்கே ஆடியில் காற்றும் சாரலும்தான். பெரிய மழை ஐப்பசியில் வரும். இங்கே ஆடி என்றால் வானம் உடைந்து கொட்டும், தண்டவாளம் முழுகும், ரயில் நிற்கும். முப்பது மழைக்காலத்தை அவர் பட்டறைக்குள் இருந்தே பார்த்தவர். மழை என்றால் தோலில் பூஞ்சணம் பிடிக்கும், அது தெரியும். மண்ணுக்குள் என்ன நடக்கும் என்று இந்த ஊரில் அவர் தெரிந்துகொள்ள நேரவே இல்லை.

ஆடி முதல் வெள்ளியில் அவரே குனிந்து, மூச்சு வாங்க, குழிக்கு மூன்றாக ஊன்றினார். அன்று சாயங்காலம் பிடித்த மழை வாரக் கடைசி வரைக்கும் விடவில்லை.

அவர் தூங்கும் நேரம் பார்த்து பேராச்சி ஒரு குழியைக் கிளறினாள். விதைகள் ஊதி, தோல் கழன்று, விரலில் கூழாக ஒட்டின. அடுத்த குழியும் அப்படித்தான். எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, பால் வாங்கப் போவதாகச் சொல்லி விதைக் கடைக்குப் போனாள்.

பைசான் முன்னால் மறுபடியும் அதே இரண்டு பாக்கெட்டுகள். இந்த முறை பக்கத்தில் அவர் இல்லை. உட்கார்ந்து காய்ப்பதை வாங்கினாள். அவர் வாயில் ஒரு காயாவது விழ வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. மழை கொஞ்சம் தணிந்த ஒரு மத்தியானம், அவர் தூங்கும்போது, சாதனா வந்து மண்ணை மேடாக்கிக் கொடுக்க, பேராச்சி ஊன்றினாள்.

விதை முளைத்தபோது சுடலைக்கண்ணன் நாற்காலியிலிருந்து கைதட்டினார். "பாத்தியா சாதனா? ஆடி! ஆடி!" சாதனா பேராச்சியைப் பார்த்தாள். பிறகு, "ஆமா பாயி, நான் தோத்துட்டேன்" என்றாள்.

ஜன்னல் கம்பிக்கும் சுவரில் அடித்த ஆணிக்கும் நடுவே அவர் நைலான் கயிறு கட்டினார். பட்டறை முடிச்சு, இழுத்தால் அவிழாது. காலையில் எழுந்ததும் செடிகளின் நுனியைக் கயிற்றோடு சேர்த்துவைப்பார். மத்தியானத்துக்குள் அவை கயிற்றை விட்டு விலகிவிடும். மறுநாளும் சேர்த்துவைப்பார். அவர் உடம்பு வற்றிக்கொண்டே வந்தது, வயிறு மட்டும் உப்பியது. செடிகள் முழங்காலைத் தாண்டவில்லை. ஆவணி முடிவதற்குள் அங்கேயே பூத்தன.

"இது ஏறாதுளா" என்றார் ஒருநாள்.

பேராச்சி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்தப் பய பாக்கெட்ட மாத்திக் குடுத்துட்டான். எஞ்சட்டைய எடு. ரெண்டுல ஒண்ணு கேக்காம விட மாட்டேன்."

"விடுங்க. காய்ச்சாச் சரி."

"எப்படிளா விடச் சொல்லுத? ஏமாத்திட்டான்." அவரே கொடியிலிருந்து சட்டையை உருவி ஒரு கையை நுழைத்தார். மறு கை சட்டையைத் தேடிக் காற்றில் அலைந்தது. வாசல் வரைக்குமே நடக்க முடியாதவர்.

"அவன் ஏமாத்தல. நாந்தான் மாத்துனேன்," என்றாள் பேராச்சி. "நீங்க போட்டது அழுவிப் போச்சு."

"சரி, அழுவிப் போச்சு. அதையே வாங்கிருக்கலாம்லா?"

"இது சீக்கிரம் காய்க்கும்னு சொன்னான்."

"சீக்கிரம்னா?"

"தீவாளிக்கு முந்தி."

அவர் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார். பிறகு நுழைத்த கையை மெதுவாக உருவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"செல்விக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மருமவனுக்கு?"

"ம்."

"இந்தச் சாதனாவுக்கு?"

பேராச்சி தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

"வெதக்கடைக்காரனுக்காவது சொல்லாம வச்சியே," என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது, அது இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. அவள் நெஞ்சை நீவிவிட்டாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒத்தையில சொமந்துட்டு இருந்திருக்கியேளா" என்றார். அப்போதுதான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக, பேராச்சி அவர் முன்னால் அழுதாள்.

அதற்குப் பிறகு இருவரும் பேசினார்கள். ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம், இங்கேயே முடித்துவிடு என்றார். "நீ இங்க தனியா கெடக்காத. தாராவிக்கே போயி செல்வி பக்கத்துலயே ரூம் பாரு. ஏணி ஏற ஒனக்குக் காலு இருக்கு."

புரட்டாசியில் காய் வந்தது. பிஞ்சாகப் பறித்து, நாரெடுத்து, தேங்காய் போட்டு வதக்கினாள். அதற்குள் அவருக்குக் கஞ்சித் தண்ணிதான் இறங்கியது. ஒரே ஒரு துண்டை ஊட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மென்றார். விழுங்கப் பார்த்தார், தொண்டை ஏற்கவில்லை. அவள் உள்ளங்கையை நீட்டினாள். அதில் துப்பினார்.

"ருசி தெரியுதுளா," என்றார். "உப்புத்தான் கொறச்சல்."

அந்த வாரத்திலேயே போய்விட்டார். செடிகள் காய்த்துக்கொண்டே இருந்தன. பேராச்சி பின்கதவைத் திறக்கவில்லை.