தோற்றவர் நாற்காலி

ஜெயித்தால் கட்சிக்காரரின் நியாயம், தோற்றால் வக்கீலின் கோளாறு: இதுதான் எங்கள் தொழிலின் முதல் சட்டம். காலையில் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, அப்படியே கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடுகிற என் போன்ற இரட்டைப் பிறவிகளுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். ராயபுரத்தில் பேராசிரியர் சவரிராயன் வீட்டு முன்னறைதான் எங்கள் இருவருக்கும் ஆபீஸ். அவர் சாட்சியச் சட்டம் நடத்துவார், நான் ஒப்பந்தச் சட்டம். போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

மேடைக்குப் பக்கத்தில்

அவர் வகுப்பில் மேடையை ஒட்டி ஒரு நாற்காலி எப்போதும் காலியாகக் கிடக்கும். ஒரு தீர்ப்பைப் படித்து முடித்ததும் யாராவது ஒரு மாணவனைக் கூப்பிடுவார். அவன் அந்த வழக்கில் தோற்றவராக அதில் உட்கார்ந்து, தான் ஏன் கோர்ட்டுக்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும். ஜெயித்தவர் கதை தீர்ப்பிலேயே முழுசாக இருக்கிறது, தோற்றவர் கதையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி. பரீட்சைக்கு உதவாத வேலை என்று நானே அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், அவ்வளவுதான்.

யானைக்கவுனி மளிகைக்கடைக்காரர் மகன் ஒருவன், பயந்த சுபாவம். அவனையே அடிக்கடி கூப்பிடுவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன் ஒரு நாள் வகுப்பிலேயே எழுந்து கையைக் கூப்பிவிட்டான்: "சார், எங்கப்பா என்னை வக்கீலாகத்தான் இங்கே அனுப்பினாரு. சேர்ந்த நாள்லேருந்து நான் தோத்துக்கிட்டே இருக்கேன். ஒரு நாளாவது ஜெயிச்சவனா உட்கார வையுங்க சார்!"

வலை வழக்கு

கல்லூரியோடு விட்டாரா என்றால் இல்லை. வீட்டு ஆபீஸிலும் ஒரு நாற்காலி உண்டு, ஒரு பக்கத்துக் கை உடைந்தது. வருகிற கட்சிக்காரர் தன் கதையைச் சொல்லி முடித்ததும், எதிராளியாக அதில் உட்கார்ந்து மறுபடி சொல்ல வேண்டும். கைக்கு வந்த கேஸ் என்ற வெண்ணெயை அவரே வெயிலில் நீட்டுகிறாரே என்று நான் முணுமுணுப்பேன்.

காசிமேட்டுக்காரர் ஒருவர், பொதுவில் வாங்கிய வலையை மச்சான் அமுக்கிவிட்டான் என்று வந்தார். மச்சானாக உட்காரச் சொன்னதும் முதலில் கூச்சப்பட்டார். பிறகு குரல் ஏறியது. மேஜையைக் குத்தினார், அக்காளைப் பேச்சில் இழுத்தார், வலையை யார் கிழித்தது, யார் பழுது பார்த்தது என்று மச்சானை விடச் சத்தமாக மச்சானுக்காகக் கத்தினார். கேஸ் நழுவுகிறது என்று நான் ஜாடை காட்டியதைச் சவரிராயன் கவனிக்கவே இல்லை. கடைசியில் அந்த மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டார்: "இன்னா சார் நீ, என் வாயாலயே எனுக்கு எதிரா பேச வெச்சிட்டே! அவன் பக்கமும் நாயம் கீது போலக்கீதே. கேஸும் வோணாம் ஒண்ணும் வோணாம், நான் ஊட்டுக்குப் போறேன்."

உட்கார மறுத்தவர்

ஆரோக்கியம் எங்கள் கட்சிக்காரர், துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டுகிறவர். கப்பலின் அடித்தட்டில் கீழே இருப்பவர்கள் சரக்கை இரும்புக் கயிற்றில் பிணைப்பார்கள், மேலே இவர் விஞ்சை இயக்கித் தூக்குவார். ஒரு நாள் தூக்கும்போது கயிறு அறுந்து, மூட்டைகள் கீழே இருந்த அவருடைய சிநேகிதர் பாஷா மேல் விழுந்தன. அன்று சாயங்காலமே பாஷா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்ததால்தான் அறுந்தது என்று ஆரோக்கியம் மேல் வழக்கு. கயிறு புத்தம் புதுசு என்று கம்பெனி மேஸ்திரி சாட்சி சொல்லிவிட்டார். தண்டனை ஆனால் ஜெயில், திரும்பி வந்தாலும் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். அதைவிடக் கொடுமை, வெடுக்கென்று இழுத்தோமோ என்று ஆரோக்கியத்துக்கே சந்தேகம். தன் கையால்தான் தோஸ்து போனானா என்பது தெரியாமல் அந்த மனுஷர் தூக்கத்தையே விட்டிருந்தார்.

சவரிராயன் வழக்கம்போல நாற்காலியைக் காட்டி, பாஷாவாக உட்கார்ந்து சொல்லச் சொன்னார். ஆரோக்கியம் போனார், நாற்காலியின் முதுகைப் பிடித்தார், உட்காராமல் கையை எடுத்துக்கொண்டார். சவரிராயனுக்கு முகம் மாறிவிட்டது, வேண்டாம் என்று எழுந்துவிட்டார். ஆரோக்கியம் வாசல்படி வரை போய்த் திரும்பிச் சொன்னார்: "வேற யாரா வோணும்னாலும் ஒக்கார்றேன் சார். பாஷாவா மட்டும் முடியாது. ஒக்காந்தா அவன் என்னைத் திட்டுவான் சார்."

ஆஸ்பத்திரியில்

நம் தரப்பு சாட்சிகளுக்கு நாள் குறித்திருந்த சமயத்தில் சவரிராயனுக்கு மாரடைப்பு. பார்க்கப் போனவன், வழக்குக்கு வாய்தா வாங்கிவிடுகிறேன் என்று ஆறுதலாகச் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம். தன் தொழிலில் ஒரு வாய்தாகூடக் கேட்டறியாதவர். ஆரோக்கியத்தின் தூக்கத்துக்கு எவன் வாய்தா கொடுப்பான் என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, நாம் மடத்தனம் பண்ணிவிட்டோம், பாஷாவின் கதையை ஆரோக்கியத்திடமா கேட்பது, பாஷாவின் மனைவியைப் போய்ப் பார் என்றார்.

எதிர்த்தரப்பு வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது வக்கீல்களின் பரம்பரை வியாதி. அந்த அம்மாள் சர்க்கார் தரப்பு ஆயிற்றே என்று நான் இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டார், தூங்கிவிட்டார் என்று நினைத்தேன், மூடிய கண்ணோடே பேசினார். மறுநாள் விடிவதற்குள் அவர் போய்விட்டார், அதனால் என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது இதுதான்: "வழக்குதான்யா சர்க்காரோடது. துக்கம் அந்த அம்மாவோடது. நீ போய்க் கேளு."

தொண்டையார்பேட்டையில்

அடக்கத்தன்று நல்ல மழை. துறைமுகத்து ஆட்கள் வேலை உடுப்போடே வந்து நின்றார்கள். யானைக்கவுனிப் பையன் என் தோளில் சாய்ந்து அழுதான், நானும் அழுதேன். எனக்கு அண்ணன் இல்லை, அந்தக் குறை அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கு அடுத்த நாள் தொண்டையார்பேட்டைக்குப் போனேன். பாஷாவின் மனைவி பாத்திமா கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பேசினார். கணவர் இறந்து, இத்தா என்ற துக்கம் காத்து வீட்டோடு இருந்த மாதங்களில் வெளி ஆண்கள் அவரைப் பார்க்க முடியாது. போலீசார் அவருடைய அண்ணனிடம் நாலு வார்த்தை கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள், பிறகு திரும்பவே இல்லை. ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் பாஷாவின் பக்கத்தில் கடைசிவரை இருந்தவர் இவர்தான். பாஷா சாகும் முன், கயிறு நைந்திருக்கிறது, மாற்று என்று காலையிலேயே மேஸ்திரியிடம் சொன்னேன், கேட்கவில்லை, மேலே இருந்த ஆரோக்கியத்துக்கு அது தெரியாது என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். சாகிறவர் தன் சாவின் காரணத்தைச் சொன்னால் அது சாட்சியமாகும். சவரிராயன் வருஷா வருஷம் நடத்திய பாடம். இதை ஏன் அம்மா இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். திரை அசைந்தது: "போலீஸ் வந்துச்சு, கம்பெனிக்காரங்க வந்தாங்க, ஜனங்க வந்து அழுதாங்க. கடைசியா அவரு இன்னா சொன்னாருன்னு என்னை ஒருத்தரும் கேக்கலியே ஐயா!"

தீர்ப்பன்று

பாத்திமா வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு கூண்டில் ஏறி, அதையே சொன்னார். புருஷனைக் கொன்றவனுக்காகப் பேசுகிறாயே என்று சர்க்கார் வக்கீல் மிரட்டியும் ஒரு சொல் மாறவில்லை. ஆரோக்கியத்துக்கு விடுதலை. அவர் வீட்டுக்குப் போகாமல் என்னோடு ராயபுரத்து ஆபீஸுக்கு வந்தார். மேஜைமேல் சவரிராயனின் மூக்குக் கண்ணாடி அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், மெதுவாகப் போய் அந்தக் கை உடைந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாஷாவாக அவர் பேசியது காதில் விழுந்தது: "மாமு, கயிறு நைஞ்சு கெடந்துச்சு, நீ இன்னாடா பண்ணுவே? எனுக்கு உன் மேல கோவமே இல்லடா. போ, போய்த் தூங்கு."

வாழ்நாளில் ஒரு வாய்தாகூடக் கேட்காத சவரிராயன், நாங்கள் ஜெயித்த அன்றைக்கு மட்டும் ஆஜராகவில்லை.