உரக்கடை மாடியில் ஒரு இங்கிலீஷ் வகுப்பு

யூரியா வாடை வந்தாலே எனக்குக் குமட்டும். உரத்தின் மேல் தப்பில்லை.

ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை நெல் பொய்த்துப்போன வருஷம், வீட்டு வேலைக்குக் குவைத் போக முடிவெடுத்தேன். எங்களை அனுப்பிய ஏஜென்ட், திருவாரூரில் ஒரு உரக்கடை மாடியில் பெண்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு வைத்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்வது ‘லுக் ஆஃப்டர்’, காணாமல் போனதைத் தேடுவது ‘லுக் ஃபார்’ என்று வாத்தியார் பிரித்துப் பிரித்துச் சொல்வார். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார், பாவி.

ஒருநாள் ‘புட் அப் வித்’ வந்தது. பொறுத்துக்கொள்வது என்று அர்த்தம். “ஐ வில் புட் அப் வித் இட்” என்று எங்களைக் கோரஸாகச் சொல்லவைத்தார்.

பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா அக்கா எழுந்து, “சார், முடியாதுன்னு மறுக்கிறதுக்கு என்ன சொல்லணுங்க?” என்று கேட்டார்.

“‘டர்ன் டவுன்’னு ஒண்ணு இருக்கு. வீட்டு வேலைக்குப் போற உங்களுக்கு அது எதுக்கும்மா?” என்று பல்லைக் காட்டினார் வாத்தியார். நாங்களும் சிரித்தோம். மறுபடியும் கோரஸ். எங்கள் சத்தம் கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். அந்த ஆள் முகத்தில் அப்படியொரு திருப்தி.

குவைத்தில் ஒருநாள் எனக்கு நிற்கக்கூட முடியாத காய்ச்சல். வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்தேன். எஜமானியம்மா வந்து, தன் தங்கை வீட்டையும் போய்க் கழுவிவிட்டு வரச் சொன்னாள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஐ வில் புட் அப் வித் இட்” என்று வந்தது. ஒரு பிழை இல்லை.

‘நோ’ என்ற வார்த்தை, அந்த மாடிப்படி ஏறுவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.