ஒரே ஒரு சீட் வைத்த வண்டி

இத்தனை வருஷம் ஆகியும் அந்தச் சிவப்பு வண்டியை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. டிவியில் அந்த மாதிரி வண்டி மண்ணைக் கிளப்பிக்கொண்டு பறக்கும்போது பேரப்பிள்ளைகள் கை தட்டுவார்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். போகிற போக்கில் ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் போவேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தண்ணீர் லாரி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். கோவளத்துக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. எங்கள் தோப்பு என்று அவர் ஊரெல்லாம் சொல்வார். என் தோப்பு. என் அப்பா என் பேரில் எழுதிவைத்தது. ஓரத்தில் மோட்டார் வைத்த ஒரு கிணறு, அதைச் சுற்றி நான் போட்ட கத்தரி, வெண்டை, ஒரு பந்தல் நிறையப் புடலை.

ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் போவோம். வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கம் தாண்டி, தார் ரோடு முடிகிற டீக்கடை வரைக்கும் நான் மகாராணி. அதற்கப்புறம் மணல். பின்சக்கரம் புதைந்துகொண்டு உறுமும். நான் இறங்கித் தள்ளுவேன். அவர் இறங்க மாட்டார். ஹேண்டிலைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமாம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முட்டிவரை மணலோடு நான் மூச்சு வாங்கும்போது, "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளுமே, சோறு துன்னல?" என்பார் திரும்பிப் பார்க்காமலே.

பல்லாவரத்துப் பக்கம் ஒரு பாய், கப்பலில் வருகிற பழைய மெஷின்களை எடுத்து விற்கிற யார்டு வைத்திருந்தார். லாரிக்கு ஏதோ சாமான் தேடிப் போன இவர், அங்கே நாலு சக்கர பைக் இரண்டு வந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். சக்கரமெல்லாம் குண்டாக, அகலமாக இருக்கும், மணலில் புதையவே புதையாது, டீக்கடைக்குப் பின்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு அங்கிருந்து தோப்புக்கு அதிலேயே போய்விடலாம் என்றார். எனக்கும் சந்தோஷம்தான். தள்ளுகிறவளுக்குத்தானே தெரியும்.

அதற்கப்புறம் என்னை விட்டுவிட்டுத் தனியாக யார்டுக்குப் போய்ப் போய் வந்தார். வரும்போதெல்லாம் ஒரே பேச்சு.

"நானூறு சிசிமே. அஞ்சு கியரு. மணல் மேட்டக் கண்டா குதிர மாரி தாவுது."

"சீட் எப்டி கீது?" என்று கேட்டேன்.

"சூப்பரா கீது. நல்ல குஷன்."

"தாராளமா உக்காரலாமா?"

"ஐய, அதுவா இப்ப பேச்சு? ஷாக் அப்சார்பர் எம்மா நீட்டு தெரியுமா?"

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஷாக் அப்சார்பரை இழுக்கிற ஆள் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். இன்னொன்றும் சொல்கிறேன். டீக்கடையிலிருந்து கிணற்றுக்குப் பாதை மொத்தமே கால் மைல். இரண்டு பக்கமும் சவுக்கு. அதில் நானூறு சிசியை முறுக்கினால் கிணற்றுக்கு உள்ளேதான் போய் நிற்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் யார்டுக்குக் கூப்பிட்டார். என் அபிப்பிராயம் கேட்பதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். எந்த வண்டி வாங்கினாலும் நான் குங்குமம் வைத்து, முதல் ஆளாக ஏறி உட்கார வேண்டும். நான் உட்கார்ந்த பிறகுதான் அவர் ஸ்டார்ட் பண்ணுவார். முதல் லாரி எடுத்தபோது நான் பிரசவத்துக்குப் போயிருந்தேன். மூன்றாம் மாதம் லாரியின் அச்சு முறிந்தது. அன்றிலிருந்து நான் ஏறாத வண்டி வாசலைத் தாண்டியதில்லை. சாமிக்குப் பயப்படாவிட்டாலும் அந்த அச்சுக்கு அவர் பயப்படுவார்.

யார்டில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று பச்சை. முன்னாலும் பின்னாலும் இரும்பு கேரியர், நீளமான சீட், பார்ப்பதற்குப் பொதி சுமக்கிற கழுதை மாதிரி சாதுவாக இருந்தது. இன்னொன்று சிவப்பு. முன்காலை விரித்துக்கொண்டு பாயப்போகிற தவளை மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் நேராகப் போய் அதன் தலையைத் தடவினார். என் தலையை அப்படித் தடவியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குச் சின்னதாக ஒரு சீட். அதற்குப் பின்னால் வளைந்த பிளாஸ்டிக் மட்கார்டு. கீழே சங்கிலி திறந்து கிடந்தது. புடவை கார்டு இல்லை, கால் வைக்கப் படி இல்லை.

"நா எங்க உக்கார்றது?" என்றேன்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இவ்ளோ நாளு தள்ளிக்கினு வந்த. இனிமே தள்ளவே வாணாம். நா முன்னால போயி மோட்டார் போட்டு வெக்கிறேன். நீ பின்னாலயே காத்தாட நடந்து வந்தினா போதும்."

அதை எனக்குச் செய்கிற பெரிய உபகாரம் மாதிரி சொன்னார் பாருங்கள், அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

பாய் நல்ல மனுஷர். "அக்கா, இது ரேஸ் ஓட்றவங்க வண்டி. ஒத்த ஆளு ஒடம்ப அப்டி இப்டி சாய்ச்சு ஓட்டணும். பின்னால ஆள் ஏத்தவே கூடாது. அண்ணங்கிட்ட அன்னிக்கே சொன்னனே," என்றார்.

"சொன்னாராங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரம் முடியப் போவுது. குங்குமத்த வெச்சு ஏறி உக்காருமே," என்றார் குனிந்தபடியே. பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார். இரண்டே பழம். ஸ்கூட்டர் பழக்கம். நாலு சக்கரத்தையும் இரண்டு பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பாய் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பினார்.

போவதற்கு எனக்கு இடமில்லை, பொட்டு வைப்பதற்கு மட்டும் நான் வேண்டும். எனக்கு உச்சி வரைக்கும் ஏறியது. புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதன்முறையாக இரண்டு பக்கமும் கால் போட்டு, அந்த ஒரே சீட்டில் உட்கார்ந்தேன்.

"உக்காந்துட்டேன். ஏறுங்க, போலாம்."

"சரி, இப்ப எறங்கு."

"இன்னாத்துக்கு?"

"நா ஓட்டணும்ல."

"நா ஏறி உக்காந்தப்புறம்தான வண்டிய எடுப்பீங்க. எறக்கி வுட்டுட்டு எடுத்தா அச்சு முறியும். அப்புறம் என்னச் சொல்லக் கூடாது."

அவர் முகம் மாறிவிட்டது. அச்சு என்ற வார்த்தை வேலை செய்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு."

"தள்றதுக்கு எடம் இருந்தா காட்டுங்க."

மட்கார்டின்மேல் பாதி உடம்பை வைத்துப் பார்த்தார். அது கறமுற என்றது.

"அண்ணா, அது ஒடஞ்சா வேற கெடைக்காது," என்றார் பாய்.

இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பழைய டயர் அடுக்கின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார். வாங்கி வந்த இன்னும் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பாய் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

வெளியாட்கள் முன்னால் நான் அவரை எப்போதும் 'நீங்க' என்றுதான் சொல்வேன். அன்று முடியவில்லை.

"யோவ், தோப்பு யாருது?"

"உன்னுதுதான்."

"என் தோப்புக்குப் போறதுக்கு வண்டி எடுக்கிற. அதுல எனக்கு எடம் இல்ல. கேட்டா ஷாக் அப்சார்பருன்ற. கத்திரிக்கா மூட்டைய யார் தலைல வெப்ப? என்னிய வுட்டுட்டு நீ மட்டும் அந்தக் கெணத்தாண்ட போயி இன்னா பண்ணப் போற? மோட்டார் சுவிட்சு எங்க கீதுன்னாவது தெரியுமா உனக்கு?"

சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பாய்தான் அந்தப் பச்சையைக் கிளப்பினார். "அக்கா, இதுல கியரே இல்ல. கட்ட வெரலால இத லேசா அமுக்குனா போவும். வுட்டா நிக்கும். பிரேக்கு இங்க. ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க."

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் நான். பேலன்ஸ் வராது. இதற்குப் பேலன்ஸே வேண்டாம் என்று அப்போதுதான் தெரிந்தது. சிவப்பிலிருந்து இறங்கி இதில் ஏறி அமுக்கினேன். கழுதை நகர்ந்தது. இரும்புக் குவியலைச் சுற்றி, உடைந்த கிரேனைச் சுற்றி, தண்ணீர் பீப்பாயை லேசாக ஒரு இடி இடித்துவிட்டுத் திரும்பி வந்து அவர் எதிரில் நிறுத்தினேன். புடவை எதிலும் சிக்கவில்லை.

அவர் சிவப்பைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். பெண் பார்க்க வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டு வெறும் கையோடு கிளம்புகிறவன் மாதிரி இருந்தது அவர் மூஞ்சி. எனக்கு இரக்கம் வரவில்லை.

"சரி பாய். இதையே டெம்போல ஏத்துங்க," என்றார்.

நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தோம். நான் ஹேண்டிலுக்கு நடுவில் குங்குமம் வைத்துவிட்டு மறுபடியும் ஏறினேன். முன்பக்கமாகத்தான்.

"அதான் எடம் கெடச்சிருச்சே. பின்னால தள்ளி உக்காரு, எடுக்கலாம்," என்றார்.

"டெம்போ வரைக்கும் நா ஓட்றேன். நீ பின்னால ஏறு."

யார்டில் வேலை செய்கிறவர்கள் வெல்டிங்கை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், எலுமிச்சம்பழங்களைப் பார்த்தார். நான் கட்டை விரலைத் தயாராக வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் முதன்முதலாக அவர் ஒரு வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்.

"பாய்," என்றார் மெதுவாக, "பின்னால உக்கார்றவன் புடிச்சிக்க கம்பி ஏதாச்சும் கீதா?"