சிவப்பியும் பவுடர் வாசனையும்

அன்றைக்கு அங்கே இருந்தது மாமா, அத்தை, அம்மா, தம்பி, நான். அப்புறம் சிவப்பி. சிவப்பி பசுமாடு.

இன்று காலை காஜா பெராங்கில் இருக்கும் என் வீட்டில் என் பேத்தி பவுடர் டப்பாவைத் திறந்தாள். அந்த வாசனையில் அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்த வருடம் அது. புக்கிட் ரம்பாயில் மாமாவின் மாட்டுப் பண்ணையில் வளர்ந்த நாங்கள் டவுனுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பள்ளி விடுமுறைக்குத் திரும்பிப் போனோம். சிவப்பியை அதுவரை கறந்தது அம்மாதான். அம்மா போனபின் கறக்கப் போன அத்தையை அது கிட்டவே விடவில்லை. மறுநாள் வியாபாரிக்குக் கொடுத்துவிடப் போவதாக மாமா சொன்னார்.

அம்மா பவுடர் பூசிய முகத்தோடு அப்படியே கொட்டகைக்குப் போனார். சிவப்பி விட்ட உதையில் வாளி உருண்டது.

அத்தை சிரித்தார். "டவுன் மேடத்த மாட்டுக்கு அடையாளம் தெரியல லா!"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கிணற்றடியில் முகத்தைத் தேய்த்துக் கழுவினார். விட்டுப்போயிருந்த பழைய கைலியைக் கட்டிக்கொண்டு மறுபடி போனார். சிவப்பி கையை முகர்ந்தது, பிறகு நக்கியது.

"என்னாடி, கோவமா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா கறந்தார்.

"நீ போய்ட்டா யாரு கறக்கிறது?" என்றார் மாமா.

அம்மா பவுடர் அப்பி வெளுத்திருந்த அத்தையின் முகத்தைப் பார்த்தார். "அண்ணி, நாளைக்கு நீங்களும் மூஞ்சக் கழுவிட்டு வாங்க."

மறுநாள் வந்த வியாபாரியை மாமா திருப்பி அனுப்பினார். அன்று காலை அத்தை சிவப்பியிடம் கறந்தது மூன்று போத்தல் பால்.