அம்சவல்லியின் இடது கண்

மரக்காணம் உப்பளத்தில் உப்பு சுமக்கும் அம்சவல்லிக்கு 2003 முதல் இடது கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தது. அவளோ எதற்கெடுத்தாலும் சிரிப்பவள். இவளோடு சண்டை போட்டுப் பதினொரு வருஷம் பேசாதிருந்த பக்கத்து வீட்டு ஞானாம்பாள் இறந்த வீட்டில் இவள் கன்னம் நனைந்த மாதிரி யாருக்கும் நனையவில்லை. "எவ்ளோ பாசம் பாரேன்" என்றார்கள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள், சிரிப்பு தாங்காமல்.

2005 ஏப்ரலில் நீர் கண்ணை மறைத்து, கூடையோடு இரண்டு முறை வரப்பிலிருந்து பாத்திக்குள் விழுந்தாள். முதலாளி புருஷோத்தமன் அவளை மூட்டை தைக்க உட்கார வைத்தார். "கண்ணு சரியாகலன்னா வரப்புல ஏறவே கூடாது."

புதுச்சேரியில் டாக்டராக இருந்த கூனிமேட்டு ஆஸிஃபா, கண்ணீர் மூக்குக்கு இறங்கும் வழி அடைத்திருப்பதாகச் சொன்னார். புதுவழி திறந்து, அது மூடாமலிருக்க மெல்லிய குழாய் வைக்க வேண்டும். அந்தக் குழாய் கைவசம் இல்லை. தொங்கும் இமையைத் தூக்கிக் கட்டுகிற சிலிக்கோன் இழை இருந்தது. ஆகஸ்ட் 18, வியாழக்கிழமை, அதையே அளவாக வெட்டி வைத்தார்.

அளத்து நீரின் அடர்த்தி பார்த்து எழுதும் நான் துணைக்குப் போயிருந்தேன். "இதுல ஓட்டையே இல்லியேம்மா, தண்ணி எப்படிப் போவும்?"

"இதைச் சுத்திப் போவுங்க ஐயா. வழி மூடாம இருந்தா போதும்."

2006 பிப்ரவரி 16 அன்று இழையை உருவினார். வழி நிலைத்ததா என்று பார்க்க, கண்ணோரத் துளையில் உப்புநீர் ஊசியை வைத்தார்.

"தொண்டையில கரிச்சா சொல்லுங்கக்கா."

"கரிக்குது!"

"நான் இன்னும் அழுத்தவே இல்லியே!"

புறப்படுமுன் வழக்கம்போல ஓர் உப்புக்கல்லை நாக்கில் போட்டுப் பார்த்திருக்கிறாள். மூன்று முறை வாய் கொப்பளிக்க வைத்தார்கள்.

"இப்ப?"

"இப்பவும் கரிக்குது."

"அக்கா, இப்பவும் அழுத்தல!"

நர்ஸ் ஜெயா சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரும் ஊசியைக் கீழே வைத்து, சிரித்து முடித்தார். பிறகு, "ஜெயா, குளுக்கோஸ் பாட்டில் எடு" என்றார்.

மணி 11.17. ஊசி அழுந்தியது. அம்சவல்லி ஒருமுறை விழுங்கினாள். பிறகு கத்தினாள்: "ஐயோ, பாயசம்!"

மறுநாள் காலை கூடையோடு வரப்பேறினாள். "இன்னாம்மா, கன்னம் காஞ்சி கெடக்குது?" என்றார் முதலாளி.

"இப்பல்லாம் உள்ளதான் எறங்குது மொதலாளி" என்று சிரித்தபடியே நடந்தாள். அன்று நாற்பத்திரண்டு நடை. ஒருமுறைகூட விழவில்லை.