எட்டு வீட்டு மலை

கணினிக்குள் தண்ணீர் ஓடவிடுவதுதான் என் பிழைப்பு. சிரம்பானில் ஒரு கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு, குழாய் எங்கே போகிறது, தரை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று வரைபடத்தில் ஏற்றுவேன். தண்ணீர் எட்டும் வீடு நீலமாகும், எட்டாத வீடு சிவப்பாகும். பட்டனை ஒரே அழுத்தில் ஓர் ஊரே நீலமாகும்போது எனக்குத் தலைகால் புரியாது.

கோலா பிலா பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் புதுக் குழாய் போட வேண்டியிருந்தது. அழுத்தினேன். தொழிலாளர் வீட்டு வரிசை எல்லாம் நீலம். கடைசி லயத்து எட்டு வீடு மட்டும் சிவப்பு. செயற்கைக்கோள் தந்த உயரப் படத்தில் அந்த எட்டும் ஒரு மேட்டு உச்சியில் இருந்தன. ரோட்டுக் குழாயின் வேகம் அவ்வளவு உயரம் ஏறாது.

"அந்த எட்டையும் இந்தத் தடவ விட்ரு. வெள்ளிக்கிழம ரிப்போர்ட் போவணும்" என்றார் பாஸ்.

அங்கே கடைசி வீட்டு அக்கா எங்கள் அலுவலகத்துக்குத் தினமும் போன் போடுவார். தோட்டத்துப் பழைய தொட்டியிலிருந்து காலை ஆறு மணிக்கு நூல் மாதிரி தண்ணீர் வரும், ஏழுக்கு நின்றுவிடும். அதற்குள் டிரம் நிரப்ப வேண்டும். அவரிடம் போனில் 'இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரில் சொல்லிவிடலாம் என்று வியாழக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, ஒங்க வீடு மேட்டுல இருக்கு. தண்ணி ஏறாது."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மேடா? நீ கியர் மாத்தியா ஏறி வந்த?"

யோசித்தேன். மாற்றவில்லை. வழி முழுக்க ஒரே கியர்.

அக்கா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். சிந்தவில்லை, சாயவில்லை. "எங்கேம்மா மலை? காட்டு, நானும் பாக்குறேன்லா."

நான் கைப்பேசியில் மலையைக் காட்டினேன். பிறகு தலையைத் தூக்கினேன். வீடுகளை நெருக்கிக்கொண்டு கிழட்டுச் செம்பனைகள் நெடுநெடுவென்று நின்றன. மற்ற வரிசைகளைச் சுற்றி மரத்தை வெட்டிக் கன்று நட்டிருந்தார்கள், எல்லாம் இடுப்பளவுதான். செயற்கைக்கோள் மேலிருந்து மர உச்சி மட்டையைப் பார்த்துத் தரை என்று நினைத்திருக்கிறது. அதை நானும் நம்பியிருக்கிறேன்! செம்பனை நிழலில் ஓடியாடி வளர்ந்தவள், மரத்தை மலை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அக்கா வாசல்படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஏய், எல்லாரும் வாங்க! நாம மரத்து மேல குடியிருக்கோமாம்!" எட்டு வீடும் கூடிவிட்டது. அவ்வளவு பேர் முன்னால் அசடு வழிந்துகொண்டே பையிலிருந்த அளவுக் கருவியை ஒவ்வொரு வாசலிலும் வைத்துத் தரை உயரத்தை அளந்தேன். ரோட்டை விட ஒரு முழம்கூட அதிகமில்லை.

அன்று மாலையே அலுவலகத்துக்குத் திரும்பி, மலையை ஒரே மூச்சில் அழித்தேன். அழுத்தினேன். எட்டும் நீலம். நாற்காலியோடு மூன்று சுற்றுச் சுற்றினேன். பாஸிடம் "தப்பு என்னோடது" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னதால் அவர் முதலில் நம்பவில்லை. மறுநாள் ரிப்போர்ட்டில் எட்டு வீடும் போனது.

புதுத் தண்ணீர் திறந்த அன்று அக்கா கூப்பிட்டிருந்தார். பைப்பை ஒரே திருகாகத் திருகினார். வாளியில் மோதி எகிறிய தண்ணீர் என் முகத்தில் அடித்தது, கண்ணாடியைத் தள்ளியது, சட்டையை நனைத்தது.

"மெதுவாக்கா!"

"மலைக்கே இந்த வேகம்னா பாத்துக்கோ!"

நான் கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன், அக்கா டிரம்மை உருட்டிக் கவிழ்த்து அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு ஏழு மணி வரைக்கும் தூங்கப் போறேன்" என்றார்.