மரமுகம் குடித்த பானகம்

எனக்குச் சாமி வருவதிலும் நம்பிக்கை கிடையாது, பேய் பிடிப்பதிலும் நம்பிக்கை கிடையாது, இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கிழவிக்கு எல்லாமே பேய்தான் என்று நீங்கள் ஜோகூர் பாருவுக்குத் திரும்பிப் போய் யாரிடமாவது சொல்லிச் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். திருவிழாவுக்குத் திருவிழா நாலு பேர் சாமி வந்து ஆடுவார்கள், மறுநாள் விடிகாலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டில் போய் நிற்காமல் இருக்க அது ஒரு சாக்கு என்பதுதான் என் எண்ணம். இன்றைக்கும் பாதி எண்ணம் அதுதான். மீதிப் பாதியை ஒரு சாயங்காலம் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது, என்ன செய்யச் சொல்கிறீர்கள்.

அப்போது நாங்கள் மாசாய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை காலம், ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்பு. என் வீட்டுக்காரர் முத்தையா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர், ஆனால் நீ யார் என்று அவரைக் கேட்டால் இரணியன் என்றுதான் சொல்லுவார். வருஷா வருஷம் எங்கள் ஆட்கள் போடுகிற இரணிய நாடகத்தில் அவர்தான் இரணியன். தூணைப் பிளந்துகொண்டு வந்து அவர் வயிற்றைக் கிழிக்கிற நரசிம்மம் யாரென்றால் என் கூடப்பிறந்த அண்ணன் ரெங்கசாமி. என் புருஷனை என் அண்ணன் கொல்லுவதைத் தோட்டமே கைதட்டிப் பார்க்கும், நான் ஓரமாகப் பானகச் செம்போடு நிற்க வேண்டும், என் தலையெழுத்து அப்படி.

நாடகம் நெருங்கினால் வீட்டில் மனுஷர் குடியிருக்க முடியாது. இவர் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீட்டு வாசலில் நின்றுகொண்டு இரணியன் வாங்கின வரத்தைக் கத்திக் கத்திப் பாடம் பண்ணுவார். மனுஷனாலும் மிருகத்தாலும் சாவு கூடாது, பகலிலும் ராத்திரியிலும் கூடாது, வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கூடாது, தரையிலும் ஆகாசத்திலும் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை தூக்கத்தில் அலறும், அதன் தாய் என்னிடம் சண்டைக்கு வருவாள். அந்தப் பக்கம் அண்ணன் முகம் கட்டுவதற்காக விரதம் இருப்பார், ஒருவேளைச் சோறு, கள் கிடையாது, பேச்சு கிடையாது, யார் என்ன கேட்டாலும் ஒரு முறைப்பு. எனக்கு இரண்டு பேரையும் வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கலாம் போல வரும்.

முகம் என்றால் நரசிம்ம முகம். தோட்டத்து எல்லையில் நின்ற புலாய் மரத்தில் அண்ணனே செதுக்கினது. வாயைத் திறந்து கர்ஜிக்கிற முகம்தான், ஆனால் அந்த வாய்க்கு ஓட்டை கிடையாது, பல்லும் நாக்கும் கட்டையிலேயே செதுக்கிச் சிவப்புச் சாயம் பூசினது. அண்ணன் பார்ப்பது, மூச்சு விடுவது எல்லாம் மூக்குத் துவாரம் வழியாகத்தான். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு என்னையே திருப்பிக் கேட்பீர்கள்.

அதற்குக் கட்டுப்பாடு நிறைய உண்டு. முகம் கட்டினவர் இடுப்பில் நீளமான வேட்டியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, பின்னால் இரண்டு ஆள் பிடித்துக்கொள்வார்கள், ஆவேசத்தில் நிஜமாகவே பாய்ந்துவிட்டால் இழுப்பதற்கு. தூண் பிளக்கிறது நடுராத்திரியில், திறந்த திடலில்தான். இரணியனை மடியில் போடக் கூடாது, ஒரு பலகையில்தான் கிடத்த வேண்டும். வரத்தை முழுசாக உடைத்து ஆட மாட்டார்கள், அவ்வளவுதான். கொன்று முடித்ததும் இரணியன் கட்டினவருடைய பெண்டாட்டி வந்து, வெல்லமும் சுக்கும் கரைத்த பானகத்தை அந்த மர வாயில் ஊற்றிக் குளிர்விப்பாள். அது தாடையில் வழிந்து அண்ணன் நெஞ்செல்லாம் பிசுபிசுத்து மண்ணில் கொட்டும். மறுநாள் அந்த வேட்டியைத் துவைக்கிறவளும் நான்தான்.

அந்த வருஷம் எனக்கு ஆறு மாசம். பிள்ளைத்தாய்ச்சி முகத்துக்கு எதிரே போகக் கூடாது என்று பாதிப் பேர், இரணியன் பெண்டாட்டி ஊற்றாவிட்டால் முகம் குளிராது என்று பாதிப் பேர். என்னை ஒரு வார்த்தை கேட்டவர் ஒருத்தர் கிடையாது. கடைசியில், "நானே வந்து ஊத்துறேன், வாய மூடுங்க" என்றேன், பிறகுதான் ஓய்ந்தார்கள்.

அது ஓய்ந்த கையோடு, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற யாழ்ப்பாணத்துக் கிராணி வந்தார். "துரை சொல்லிப்போட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள கூத்து முடிய வேணும். விடிய எல்லாரும் வேலைக்கு வர வேணும்" என்றார். கூத்தாடுகிற இதுகள் உடனே தலையை ஆட்டிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கூத்தைத் தொடங்கினோம். பிரகலாதனை யானை மிதிக்கிற இடத்தில் பிடித்தது மழை, இந்த ஊர் மழை தெரியுமே, கொட்டினால் கொட்டினதுதான். மத்தளத்தையும் முகத்தையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் ரப்பர் ஸ்டோருக்கு ஓடினோம். ஸ்டோர் வாசல்நிலையில் மூங்கிலைக் கட்டி, காகிதம் ஒட்டி, அதையே தூணாக்கினார்கள். சனம் பாதி உள்ளே, பாதி தாழ்வாரத்தில். பலகை திடலிலேயே நனைந்துகொண்டு கிடந்தது. அதைக் கொண்டுவர வேண்டும் என்று ஒருத்தருக்காவது தோன்றியதா என்றால் இல்லை. நான் இரண்டு தடவை சொன்னேன்.

"ஏங்க, பலகை எங்க?"

"சும்மா இரு, செல்லம். வசனம் மறந்துரும்" என்றார் இவர். அவருக்கு அவர் வசனம்.

மழை விட்டு, வானம் ஒரு மாதிரி மஞ்சளாக நின்ற நேரம் காகிதம் கிழிந்தது. அண்ணன் வழக்கமாக ஒரு கர்ஜனை போட்டுத்தான் வருவார். அன்றைக்குச் சத்தமே இல்லை. நிலைப்படியில் மெதுவாக வந்து நின்றார், இவர் கையைப் பிடித்தார், பிள்ளையை இழுக்கிற மாதிரி இழுத்து, அந்த நிலைப்படியிலேயே உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டார். மத்தளக்காரர் கை நின்றுவிட்டது. பின்னால் வேட்டியைப் பிடித்திருந்தவர்கள் இழுத்தார்கள், வேட்டி சும்மா அவர்கள் கையோடு வந்தது. "அலமாக், முடிச்சு அவுரலையே" என்று ஒருத்தன் சொன்னது என் காதில் விழுந்தது. நான் பார்த்தேன். போட்ட முடிச்சு போட்டபடி இருக்கிறது, சுற்றின வளையம் வளையமாகவே இருக்கிறது, உள்ளே இருந்த ஆள் மட்டும் இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்கு வைக்கிற நேரம். நிலைப்படி. மடி. ஒன்று பாக்கி இல்லாமல் எல்லாவற்றையும் இந்த மடப்பயல்கள் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். நரசிம்மத்தின் கை இவர் வயிற்றில் இருந்தது. தகரத்தில் வெட்டின நகம்தான், ஆனால் வேட்டிக்கு மேலே சிவப்பாகக் கசிந்தது. இவர் கத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அத்தனை ஆம்பிளைகள் நின்றார்கள், ஒருத்தன் அசையவில்லை.

எனக்குப் பயம் வந்ததை விட எரிச்சல்தான் அதிகம் வந்தது, நம்பினால் நம்புங்கள். சனத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் செம்பை அந்த வாயில் கவிழ்த்தேன். ஒரு சொட்டு வழியவில்லை. ஊற்ற ஊற்ற உள்ளே போனது, செம்பு முழுக்கப் போனது, தாடை காய்ந்து கிடந்தது, தரை காய்ந்து கிடந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா.

"குடிச்சாச்சுல்ல? அவர விடு. காலையில அவரு பெரட்டுக்குப் போகணும். எனக்கு வயித்துல புள்ள இருக்கு, இந்த மனுசன விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று அந்த முகத்தைப் பார்த்தே கேட்டேன்.

முகம் மெல்லத் திரும்பி என் வயிற்றைப் பார்த்தது. எவ்வளவு நேரம் பார்த்தது என்று எனக்குத் தெரியாது, எனக்குள்ளே பிள்ளை ஒருமுறை புரண்டது. பிறகு கை தளர்ந்தது. நான் இவரை அக்குளில் கை கொடுத்து இழுத்து வெளியே போட்டேன். அண்ணன் அப்படியே நிலையில் சாய்ந்துவிட்டார்.

முகத்தைக் கழற்றினோம். அண்ணன் உதடு விரதத்தில் வெடித்துக் கிடந்தது. "தங்கச்சி, தொண்டை வறளுது, ஒரு வாய் தண்ணி குடு" என்றுதான் முதலில் கேட்டார். நெஞ்சில் ஈரமில்லை. முகத்தின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன், வெறும் காய்ந்த கட்டை. தூண் பிளந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. காகிதத்துக்குப் பின்னால் நின்றேன், நிற்கிறேன், அவ்வளவுதான் என்றார். அடுத்தடுத்த வருஷங்களில் பலகை வைத்து, நடுராத்திரியில், திடலில் ஆடினார்கள். பானகம் ஒழுங்காக வழிந்தது, நான் ஒழுங்காகத் துவைத்தேன்.

இவர் வயிற்றுக் காயம் கொஞ்ச நாளில் ஆறிவிட்டது. ஆறாதது வேறு. ஒருநாள் நான் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"பயமா இல்ல, செல்லம். அம்மா மடியில கிடந்த மாதிரி இருந்துச்சு. நீ ஏன் இழுத்த?"

ஏன் இழுத்தாயாம். ஆறு மாச வயிற்றோடு சாமியிடம் மல்லுக்கட்டி இந்த மனுஷனை மீட்டுக்கொண்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வி. அன்றைக்கு நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய் அழுதேன், உங்களிடம் சொல்வதற்கு என்ன. அதற்குப் பிறகு சாகிறவரை தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் லயத்து நிலைப்படியில் போய் உட்காருவார், பாதி உள்ளே, பாதி வெளியே. "உள்ள வாங்க, இல்லன்னா வெளிய போங்க" என்று நானும் தினமும் கத்துவேன். சிரிப்பார், நகர மாட்டார். அவர் போனது ஆஸ்பத்திரிக் கட்டிலில், பட்டப்பகலில், சாதாரணக் காய்ச்சலில். அதோடு முடிந்தது என்று இருந்தேன்.

தம்போயில் வேலை கிடைத்து மகன் என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்கு என் வயிற்றில் இருந்தவன்தான். இந்தக் கதையை அவனிடம் நான் சொன்னதே இல்லை, அவன் அப்பாவும் சொன்னதில்லை. உங்களிடம் இப்போது சொல்வதும் அவன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றுதான். வேலை விட்டு வருவான், குளிப்பான், நான் சாமி விளக்கை ஏற்றுகிற நேரத்தில் அந்த வாசல் நிலைப்படியில் போய் உட்காருவான். உட்கார்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொள்வான், கீழே மடி இருக்கிற மாதிரி. "உள்ள வா, இல்லன்னா வெளிய போ" என்று கத்திக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்று முதல் தடவையாகத் திரும்பி, "ஏம்மா இழுக்குற?" என்றான். நான் அவனைத் தொடவே இல்லை, அடுப்படியில் நின்றேன்.